டாக்வுட்டை இடம் மாத்தலாமா, பீக்கன் வைக்கலாமா?

அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் வீடு, களிச் செம்மண். 2023 மார்ச்சில் வச்ச வெள்ளை டாக்வுட் (வசந்தத்தில் பூக்கிற சின்ன அழகு மரம்) இன்னும் இடுப்பு உயரம்தான், ஒரு பூ கூட இல்லை. ஜூலை வந்தா இலை ஓரம் கருகி, விரலால் அழுத்தினா அப்பளமா நொறுங்குது. மதியம் முழுக்க மேற்கு வெயில். வாரம் இருமுறை ஆழமா தண்ணி, பைன் பட்டை மூடாக்கு, மண் பரிசோதனை (pH 5.8, அமிலம் சரிதான்) எல்லாம் பார்த்தாச்சு. வெள்ளைப் பூசணமும் இல்லை.

வீட்டுக்காரர் பிடுங்கிட்டு பீக்கன் (கொட்டை காய்க்கிற மரம்) வைக்கலாம்கிறார். அது 70 அடிக்கு மேல போற மரம், நல்லா காய்க்க இன்னொரு ரகமும் பக்கத்துல வேணும். எங்ககிட்ட வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே 25 அடிதான். டாக்வுட்டைக் கைவிட எனக்கு மனசே வரலை.

இலை உதிர்ந்தபின் நவம்பரில், காலை வெயில் மட்டும் படுற கிழக்குப் பக்கம் மாத்தி நட்டா பிழைக்குமா?