மறு: உரிமையை 'வெய்வ்' (waive) செய்தல்: துறப்பா, தள்ளுபடியா?

> 'உரிமைத் தள்ளுபடி' போதாதா? கடன் தள்ளுபடி எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

வணக்கம் ஐயா,

தள்ளுபடி இங்கே ஒட்டாது என்பது என் கருத்து. கடன் தள்ளுபடியில் கொடுத்தவர், வாங்கியவர் என இரு தரப்பு உண்டு. கோர்ட்டில் மனு தள்ளுபடி என்றால் நிராகரிப்பு. நாம் தமிழாக்குவதோ 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு வெளியிட்ட சிசி ஜீரோ (CC0) என்ற சட்ட ஆவணத்தை. அதில் படைத்தவர் தம் பதிப்புரிமையை யார் பேருக்கும் எழுதிவைக்காமல் தாமே விடுகிறார்.

அதன் மைய வரியில் வெய்வ், அபாண்டன் (abandon), சரண்டர் (surrender) என மூன்று வினைகள் அடுக்கி வருகின்றன. முன்னுரையில் ரிலிங்க்விஷும் (relinquish) வருகிறது. வெய்வ் நார்மன் பிரெஞ்சு வழி வந்தது, கையசைக்கும் 'வேவ்' அல்ல. 'வெயிஃப்' அதன் உடன்பிறப்பு: திருடன் தப்பியோடும்போது எறிந்துவிட்டுப் போன பொருளுக்கு இங்கிலாந்துச் சட்டம் வைத்த பெயர். அது அரசரைச் சேரும். ரிலிங்க்விஷ், 'பின்னே விட்டுச் செல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? பத்திரப் பதிவில் விடுதலைப் பத்திரம் உண்டு. 'இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று அழுத்தமாக எழுதுவார்கள். ஆனால் அங்கே பங்கு இன்னொரு பங்காளிக்குப் போகிறது. விட்டுக்கொடுத்தலிலும் 'கொடுத்தல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீத்தல் அழகான சொல். 'நீத்தார்' என்றால் இன்று இறந்தவர் நினைவுதான் வருகிறது.

துறத்தலுக்குப் பெறுபவர் தேவையில்லை. காவி வாடை அடிக்கிறது என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். எட்டாம் எட்வர்டு 1936இல் முடிதுறந்தது திருமணம் செய்துகொள்ளத்தானே! 'பொறுப்புத் துறப்பு' இணையத்தில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. வள்ளுவர் 'தீரத் துறந்தார்' (348) என்கிறார். தீர என்றால் மிச்சமின்றி. சிசி ஜீரோ 'முழுமையாக' என்று வலியுறுத்துவதும் அதைத்தான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 21இலும் ரிலிங்க்விஷ்தான். பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்தோ, 2012 திருத்தத்துக்குப் பின் பொது அறிவிப்பு மூலமோ துறக்கலாம். ஒரே வினை இரண்டுக்கும் உதவும்.

ஆக, வெய்வ், ரிலிங்க்விஷ் இரண்டுக்கும் துறத்தல், பெயர்ச்சொல்லாக உரிமைத் துறப்பு, அபாண்டனுக்குக் கைவிடுதல். சரண்டருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஒப்படைத்தல் என்றால் 'யாரிடம்?' என்ற கேள்வி எழுகிறது. சட்டத் தமிழ் அறிந்தவர்கள் ஒரு சொல் தந்தால் இந்த வாரமே கோப்பில் ஏற்றிவிடலாம்.