புதுப்பிப்பு: நாணல் வெட்டப் போய் வந்தேன்

போன மாதம் இங்கே ஒன்று கேட்டிருந்தேன்: வலசைப் பறவைகள் வந்திருக்கும் குளிர்காலத்திலா சதுப்பு நிலக் காப்பகத்தில் நாணல் வெட்டுவார்கள், அவற்றுக்குத் தொந்தரவு இல்லையா என்று. சரி, நேற்று நானே தன்னார்வலராகப் போய் வந்தேன்.

விடை எளிதுதான். இப்போது நாணலுக்குள் கூடும் குஞ்சும் கிடையாது. முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டுவதுமில்லை. ஒரு பகுதி மட்டும். மிச்சம் பறவைகள் ஒதுங்க அப்படியே நிற்கும். வெட்டுவதைவிட வாருவதுதான் பெரிய வேலை என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. வெட்டியதை அங்கேயே விட்டால் மட்கிப் படிந்து, சதுப்பு மெல்ல மேடாகிவிடுமாம். சுமந்து கரையேற்றியதில் இடுப்பு கழன்றுவிட்டது. பூட்ஸுக்குள் தண்ணீர் வேறு.

ஆனால் இடைவேளையில் பார்த்த காட்சி! பத்துப் பன்னிரண்டு தட்டைவாயன் வாத்துகள், அலகைத் தண்ணீரில் அமிழ்த்தியபடி ஒன்றன் பின் ஒன்றாக வட்டமடித்தன. முன்னால் போவது கால்களால் கலக்கிவிட, பின்னால் வருவது அகன்ற அலகால் வடிகட்டித் தின்கிறது. பைனாகுலரே தேவைப்படவில்லை. திரும்பும்போது உள்ளான் ஒன்று காலடியிலிருந்து விருட்டென்று எழுந்து கோணல்மாணலாகப் பறந்தது. அப்புறம்தான் அது அங்கே இருந்ததே தெரிந்தது.

அடுத்த வாரமும் போகிறேன், முழங்கால் வரை வரும் பூட்ஸோடு.