துத்தநாகத்தில் நாகம் எப்படி வந்தது?

பாத்திரக்கடை அம்மா, கும்பகோணம்

சின்னவனுக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு. டாக்டர் உப்புசர்க்கரைக் கரைசலோடு சிங்க் சிரப்பும் எழுதி, பேதி நின்றாலும் 14 நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள், ஒன்பதாவது படிக்கும் மகள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "சிங்க்னா துத்தநாகம்தானே அம்மா, பாடத்துல இருக்கு" என்றாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் காதில் கடைசி மூன்று எழுத்து மட்டும் விழுந்தது. "நாகமா? பிள்ளைக்கா?" அன்றிலிருந்து சிரப் பாட்டில் என் பீரோவுக்குள் இருக்கிறது.

பித்தளையில் செம்போடு சேருவது துத்தநாகம் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். ஆனால் எங்களுக்குத் தகடு அனுப்பும் ராஜஸ்தான்காரர் அதை ஜஸ்தா என்கிறார். பாலக்காட்டிலிருந்து விளக்கு வாங்க வருகிறவர் வெறும் நாகம் என்றே சொல்கிறார். ஒரே சாமானுக்கு ஏன் இத்தனை பெயர்? பாம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மாமியாரிடம் சொல்ல ஏதாவது கொடுங்கள்.

சும்மா வந்தவன்

உருக்கி ஊற்றும்போது பாம்பு மாதிரி நெளியுமாம், அதனால் நாகம். எங்கள் வாத்தியார் சொன்னது.

பழைய தொட்டிக்காரன்

தம்பி, உருக்கி ஊற்றினால் ஈயமும்தான் நெளியும்.

அம்பத்தூர் பக்கம், இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு போடும் ஒரு கால்வனைசிங் பட்டறையில் 26 வருஷம் துத்தநாகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் நான். 450 டிகிரியில் கண்ணாடி மாதிரி பளபளவென்று கிடக்கும். மேலே சாம்பல் ஆடை கட்டும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் இரும்பை முக்க வேண்டும். அங்கே யாரும் துத்தநாகம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஜிங்க் ஏறல, இன்னொரு தடவ முக்கு", அவ்வளவுதான். ரிட்டயர் ஆன பிறகுதான் இந்தப் பெயர்ப் பைத்தியம் பிடித்தது. அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

துத்தம், நாகம் என்று இரண்டாகப் பிரியுங்கள். துத்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நீல நிறச் செம்பு உப்பான மயில்துத்தத்தில் இருக்கிறது. இந்திக்காரர்கள் நீலா தோத்தா என்பதும் அதே சொல். பாரசீகத்தில் இதன் உறவுக்காரச் சொல் தூத்தியா. அது துத்தநாகத்தின் வெள்ளைப் பொடி, கண்ணுக்கு மருந்து. பாரசீகத்தின் கிர்மான் பக்கம் அதை உலை வைத்துப் பிடிப்பதை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அரபியில் இன்றைக்கும் துத்தநாகத்துக்கு தூத்தியா என்று ஒரு பெயர் உண்டு.

நாகம் என்றால் சமஸ்கிருதத்தில் பாம்பு, யானை, கூடவே ஈயம், அதாவது காரீயம். ஆக துத்தநாகம் என்றால் துத்த ஈயம், அவ்வளவுதான். பாம்பு ஈயத்தின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. உலோக மருந்து பற்றிய பழைய ரச நூல்களில் ஈயம் பாம்பரசன் வாசுகியிடமிருந்து பிறந்ததாக ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ, பெயர் முதலில் வந்து கதை பிறகு ஒட்டிக்கொண்டது என்றுதான் படுகிறது. பழைய பாபிலோன் பக்கத்து அக்காடிய மொழியில் வெள்ளீயத்துக்கு அன்னாக்கு, ஆர்மீனியனில் அனாக். நம் நாகத்தையும் அந்தக் கூட்டத்தோடு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையானால் பாம்புக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, ஏன் இரவல் பெயர்? பொன், செம்பு, இரும்பு எல்லாம் எவ்வளவு குட்டிப் பெயர்கள் பாருங்கள். இந்த உலோகம் மட்டும் கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டே இருந்தது. கல்லிலிருந்து பிரிய உலை ஆயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். காற்றுப் பட்டதும் எரிந்து பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பறக்கும். எங்கள் தொட்டியில் சூடு எக்கச்சக்கமாக ஏறினால் அந்தப் பஞ்சு சட்டையில் ஒட்டும். அந்தக் காலத்துப் பித்தளைக்காரர்கள் செம்பையும் துத்தநாகக் கல்லையும் கரியையும் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குடுவையில், போட்டு மூடிச் சூடாக்கினார்கள். ஆவி நேரே செம்புக்குள் போய்விடும். உங்கள் கடைப் பித்தளையின் பாட்டன் முப்பாட்டனைச் செய்தவர்களில் பலர் துத்தநாகத்தைத் தனியாகக் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆவியை வெளியே விடாமல் பிடித்தது ராஜஸ்தானில், உதய்பூருக்குத் தெற்கே ஜாவர் என்ற ஊரில். கத்தரிக்காய் வடிவத்தில் மண் குடுவை, வாயில் ஒரு குழாய். அப்படி 36 குடுவைகளைத் தலைகீழாக உலையில் அடுக்குவார்கள். மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த பானை. மேலே போக வழியில்லாமல் ஆவி கீழே இறங்கி உலோகமாகச் சொட்டும். குறைந்தது 600 வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம் இது. 1980களில் தோண்டியபோது உலைகளே கிடைத்தன. உபயோகித்துத் தூக்கிப்போட்ட குடுவைகளை அந்த ஊரில் சுவராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல்காரர் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் எடுக்கக் காப்புரிமை வாங்கியது 1738இல்தான்.

ஆக ராஜஸ்தான்காரர் ஜஸ்தா என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சமஸ்கிருத யசதம் இந்தியில் ஜஸ்தா, வங்காளத்தில் தஸ்தா. பாலக்காட்டுக்காரர் துத்தத்தை உதிர்த்துவிட்டார். சீனாவில் 1637இல் அச்சான தொழில்நூல் ஒன்று இதை வோ ஈயம் என்கிறது. வோ என்றால் கடற்கொள்ளைக்கு வந்த ஜப்பான்காரர்கள். ஈயம் மாதிரிதான், ஆனால் நெருப்பில் மூர்க்கம், அதனால் அந்தப் பெயர். ஜெர்மானியச் சிங்க், கொம்பு அல்லது முள் என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், உலைச் சுவரில் கூர்கூராகப் படிவதால். பல ஊரில் பக்கத்து வீட்டுப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மூலிகைச் சந்து சித்தா

தொட்டிக்காரர் ஐயா சொன்னதில் ஒரு கண்ணி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம், நாக பற்பம் துத்தநாகப் பற்பம், அதாவது சுட்டுப் பொடியாக்கிய மருந்து. ஆயுர்வேதத்தில் பற்பத்துக்கு பஸ்மம் என்று பெயர், அங்கே நாக பஸ்மம் என்றால் காரீயம்! அங்கே துத்தநாகத்துக்கு யசத பஸ்மம். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. என்னிடம் வந்த ஒருவர் இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து, "ரெண்டும் ஒண்ணுதானே, விலைதான் வேற" என்றார். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளுக்கு மூளை பாதிக்கும். அதனால் நாகம் என்ற பேரைப் பார்த்துக் கடையில் எதையும் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். டாக்டர் கொடுத்த சிரப்பில் இந்தக் குழப்பமே கிடையாது. கொடுங்கள்.

அந்த வகையில் உங்கள் மாமியாரின் சந்தேகம் பாதி நியாயம்தான்.

ஒசாகாவில் ஒரு மதுரைக்காரன்

ஒரு துணுக்கு. இங்கே தகரக் கூரைக்கு தோத்தான் என்று பெயர். வாடகை வீட்டுக்காரர் மழைக்கு ஒழுகுகிறது என்று "தோத்தான், தோத்தான்" என்று புலம்பியபோது யார் தோற்றான் என்று விழித்தேன். அகராதியைப் பார்த்தால் போர்த்துக்கீசிய துத்தனாகாவிலிருந்து வந்ததாம். போர்த்துக்கீசியர் அதை நம் நாட்டுப் பக்கத்தில் எடுத்திருக்கிறார்கள்.

பழைய தொட்டிக்காரன்

அருமை தம்பி! போர்த்துக்கீசியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் சீனத் துத்தநாகத்தை அங்குள்ள கான்டன் துறைமுகத்தில் ஏற்றி நம் துறைமுகங்களில் வந்து இறக்கியதும் இந்தப் பெயரில்தான். இங்கிருந்து போன பெயர், சீனச் சரக்கின் மேல் ஏறி வீடு திரும்பியிருக்கிறது. ஜப்பானில் உலோகத்துக்கே என்ன பெயர்? அயென். எழுத்தைப் பிரித்தால் துணை ஈயம். மறுபடியும் ஈயம்!

பாத்திரக்கடை அம்மா, கும்பகோணம்

எல்லாருக்கும் நன்றி. வாசுகியை விட்டுவிட்டு மற்றதை மாமியாரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நம்ம கிணத்தடி ஜிஐ வாளியில வெள்ளையா பூப்பூவா இருக்குமே, அதா?" என்றார். அதேதான், இரும்பு வாளி மேல் பூசியிருப்பது துத்தநாகம் என்றேன். "அதத்தானே நாப்பது வருஷமா தூக்குறேன்" என்று பீரோவைத் திறக்கச் சொன்னார். இன்று காலை டோஸை அவர்தான் கொடுத்தார். நடுவில் விட்டுப்போன நாட்களை டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.