பல்லாரட் சுவரில் மாண்டவரும் மீண்டவரும் ஒரே வரிசையில் நிற்கலாமா?

வரலாற்று வாசகன்:
ஆஸ்திரேலியாவின் பல்லாரட் தாவரவியல் பூங்காவில் 2004 பிப்ரவரி 6 அன்று திறக்கப்பட்ட போர்க்கைதிகள் நினைவிடத்தில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் முதல் கொரியப் போர் வரை பகைவரிடம் சிறைப்பட்ட 35,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களின் பெயர்கள் கருங்கல் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. முகாமில் மடிந்தவர்களோடு உயிருடன் வீடு திரும்பியவர்களையும் சேர்த்தது பிழை என்று கருதுகிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் நடத்திய, வடபோர்னியோவின் சண்டக்கான் முகாமில் 1945 தொடக்கத்தில் இருந்த ஏறத்தாழ 2,400 ஆஸ்திரேலிய, பிரித்தானியக் கைதிகளில், தப்பியோடிய 6 ஆஸ்திரேலியர் மட்டுமே பிழைத்தனர். அங்கே மாண்டவரின் பெயர், திரும்பி வந்து முதுமை கண்டவரின் பெயருக்குப் பக்கத்தில் வேறுபாடின்றி நிற்பது அந்தச் சாவின் கனத்தைக் குறைக்கிறது. கான்பெரா போர் நினைவகத்தின் பட்டியலில் உயிர்நீத்தவர்கள் மட்டுமே இடம்பெறுகிறார்கள்; அந்த நெறியே சரியானது.

செம்பருத்தி:
உறுதியாக மறுக்கிறேன். கான்பெரா பட்டியலில் 1,00,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் ஏற்கெனவே உள்ளன. மாண்டவர்களுக்கு அங்கே இடமுண்டு. இடமின்றி நின்றவர்கள் மீண்டவர்கள்தான். ஜப்பானியரிடம் சிக்கிய 22,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியரில் 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்கிறோம். எஞ்சியோர் முழு உடல்நலத்தோடு வந்து சேர்ந்தார்களா? ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு அமைத்த பர்மா–தாய்லாந்து இரயில்பாதையில் உழைத்தவர்கள் சிலரின் குடலில், அங்கே தொற்றிய ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் புழு பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அத்தகைய நோயோடு ஊர் வந்து, வெகுகாலம் துன்புற்று மறைந்தவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

வரலாற்று வாசகன்:
அந்தத் துயரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், முகாமிலேயே மாண்டவர் பெயரருகே ஒரு சிறு குறியாவது வேண்டும் என்பதே என் வாதம். சுவரின் முன் நிற்கும் பேரப்பிள்ளைக்கு, தன் தாத்தா அங்கேயே புதையுண்டார் என்பது கல்லிலேயே தெரிய வேண்டாமா?

செம்பருத்தி:
பேரப்பிள்ளை அதை வீட்டிலேயே அறிந்துதான் வருவான். வீட்டில் பேசப்படாதது மீண்டவரின் கதை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடையும் முடிவை எடுத்தவர்கள் தளபதிகள். அதற்குப் பணிந்த படைவீரர்களோ, போரிடாமல் பிடிபட்டவர்கள் என்ற கூச்சத்தைத் தாங்களே சுமந்து, வாய் திறக்காமல் வாழ்ந்தார்கள். நீங்கள் கேட்கும் குறியைப் பொறித்தால், குறியில்லாத ஒவ்வொரு பெயரும் மறுபடியும் இரண்டாந்தரமாகிவிடும். உடன் சிறையிருந்த நண்பனின் பெயரருகே தன் பெயரையும் கண்ட முதியவரிடமிருந்து அந்த நிகர்நிலையைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.