மெல்போர்ன் குரோஷியா: குடியேறிகள் தொடங்கிய கால்பந்து கிளப்பின் வரலாறு பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: மைதானத்தோரம்

அனைவருக்கும் வணக்கம். 2006 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் குரோஷியாவும் ஷ்டுட்கார்ட்டில் மோதி 2-2 எனச் சமன் செய்த ஆட்டத்தை அண்மையில் முழுமையாகப் பார்த்தேன். நடுவர் கிரகாம் போல் ஒரே வீரருக்கு மூன்று மஞ்சள் அட்டைகள் காட்டிய ஆட்டம் அது. அந்த வீரரான யோசிப் ஷிமுனிச் குரோஷியச் சட்டை அணிந்திருந்தாலும் கான்பெராவில் பிறந்தவர். ஆஸ்திரேலிய அணியின் தலைவர் மார்க் விடுகாவோ மெல்போர்னில் பிறந்த குரோஷிய வம்சாவளியினர். தேடிப் பார்த்தால் இருவருமே மெல்போர்ன் நைட்ஸ் என்ற ஒரே கிளப்பில் ஆடியவர்கள். குரோஷியாவின் மாற்று கோல்கீப்பராக அன்று அணியிலிருந்த ஜோ டிடுலிட்சாவும் அங்கே ஆடியவர்தான்.

இந்த கிளப் 1953-இல் குரோஷியக் குடியேறிகளால் தொடங்கப்பட்டது என்றும், அப்போது அதன் பெயர் 'குரோஷியா' என்றும் படித்தேன். வேலை முடித்து வந்து பந்தாடிய தொழிலாளர்களின் கிளப் இந்த அளவுக்கு எப்படி வளர்ந்தது, அந்தப் பெயர் ஏன் போயிற்று என்பதே என் கேள்வி. கால்பந்துக் கூட்டமைப்பின் பாரபட்சமே காரணம் என்று ஒரு சாராரும், ரசிகர்களின் அடாவடியே காரணம் என்று மற்றொரு சாராரும் எழுதுகிறார்கள். வரலாறு தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: சன்ஷைன்வாசி

வணக்கம். மெல்போர்னின் மேற்குப் புறநகரில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையிலும், அந்த கிளப்பின் மீது மிகுந்த மரியாதை உள்ளவன் என்ற முறையிலும் தொடக்க காலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பிய அகதி முகாம்களில் தேங்கிக் கிடந்தவர்களை ஆஸ்திரேலியா 1947 முதல் அழைத்துவரத் தொடங்கியது. வந்தவர்களில் பலர் முதலில் போனகில்லா முகாமில் தங்கவைக்கப்பட்டு, அரசு காட்டிய இடத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்யும் ஒப்பந்தத்தோடு அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் குரோஷியர்களும் இருந்தனர். ஆனால் அன்றைய உலக வரைபடத்தில் குரோஷியா என்ற தனி நாடு இல்லை என்பதால், அரசு ஏடுகளில் அவர்கள் யூகோஸ்லாவியர்கள் என்றே பதிவானார்கள். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்களோ அந்த அரசின் பெயராலேயே அவர்கள் அழைக்கப்பட்டார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இந்த கிளப்பின் வரலாறு புரியும். தூதரகமோ நாடாளுமன்ற உறுப்பினரோ இல்லாத ஒரு சமூகம் தன் பெயரைப் பொதுவெளியில் அச்சில் பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. திங்கட்கிழமைச் செய்தித்தாளின் கால்பந்து முடிவுகள் பகுதி அவற்றில் ஒன்று.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே மேற்குப் புறநகரான ஃபுட்ஸ்க்ரேயில் ஜஸ்ட் என்ற சுருக்கப் பெயரோடு யூகோஸ்லாவிய ஐக்கியக் கால்பந்து அணி 1949-லேயே தொடங்கப்பட்டிருந்தது. அங்கேயும் குரோஷிய வம்சாவளியினர் ஆடினார்கள், ஆதரித்தார்கள். ஆகவே 1953-இல் 'குரோஷியா' என்று பெயர் சூட்டி ஓர் அணியைக் களமிறக்கியபோது அது விளையாட்டு முடிவாக மட்டும் இருக்கவில்லை. இந்த இரு அணிகளும் சந்தித்த ஒவ்வொரு முறையும் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடுக்கும் குரோஷியாவின் தலைநகர் ஸாக்ரெபுக்கும் இடையிலிருந்த வழக்கு மெல்போர்ன் புல்தரைக்கு வந்தது.

ஆட்டத் திறனிலும் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். கீழ்ப் பிரிவுகளிலிருந்து படிப்படியாக ஏறி, 1968-இல் விக்டோரியா மாநில லீக்கையே வென்றார்கள். பகலில் ஆலையில் உழைத்து மாலையில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வெற்றி என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி: பழைய ஏடு

சன்ஷைன்வாசி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட இரு தரப்பு வாதங்களும் 1972-ஆம் ஆண்டில்தான் வந்து மோதுகின்றன.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து சென்ற சிலர் உட்பட 19 ஆயுததாரிகள் பொஸ்னியாவின் பூகோய்னோ பகுதிக்குள் ஊடுருவி யூகோஸ்லாவியப் படையால் முறியடிக்கப்பட்டார்கள். செப்டம்பரில் சிட்னியின் ஜார்ஜ் தெருவிலிருந்த யூகோஸ்லாவியப் பயண முகவர் அலுவலகத்தில் குண்டு வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். யார் செய்தது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை என்றாலும், சந்தேகம் மட்டும் சமூகம் முழுவதன் மீதும் விழுந்தது. அதே ஆண்டில் கிளப்பின் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து கலவரம் செய்ததை அடுத்து, விக்டோரியக் கால்பந்துக் கூட்டமைப்பு கிளப்பையே போட்டிகளிலிருந்து விலக்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாநில வாகையராக இருந்த அணி ஆட இடமின்றி நின்றது.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். பார்வையாளர்கள் களத்தில் இறங்கியது தண்டனைக்குரியது. அதை மறுக்க இயலாது. ஆயினும், தவறு செய்தவர்களுக்குத் தடை விதிப்பதும் அபராதம் போடுவதும் கையிலிருந்தபோது ஒரு கிளப்பையே துடைத்தெறிந்த முடிவை, அந்த ஆண்டின் அரசியல் அச்சத்தை விலக்கிவிட்டு விளக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் அவர்கள் கலைந்துவிடவில்லை. எசென்டன் லயன்ஸ் என்ற வேறொரு கிளப்பின் வழியாகச் சில ஆண்டுகளில் போட்டிக்குத் திரும்பினார்கள். 1974-இல் ஆஸ்திரேலியாவெங்கும் உள்ள குரோஷியக் கிளப்புகள் தங்களுக்குள் ஆடும் தொடர் ஒன்று தொடங்கியது. அடிலெய்டு, ஜீலாங், கான்பெரா, சிட்னி என்று பல ஊர்களின் அணிகள் கூடும் அந்தத் தொடர் இன்றும் நடக்கிறது. ஷிமுனிச்சும் டிடுலிட்சாவும் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். கான்பெராவிலும் ஜீலாங்கிலும் பிறந்த பிள்ளைகளை மெல்போர்னுக்குத் தெரியவைத்தது இத்தகைய வலைப்பின்னல்தான். 1984-இல் தேசியக் கால்பந்து லீக் விரிவாக்கப்பட்டபோது மெல்போர்ன் குரோஷியாவும் சிட்னி குரோஷியாவும் ஒரே நேரத்தில் அதில் இடம்பெற்றன.

கேட்டவர்: மைதானத்தோரம்

இருவருக்கும் மிக்க நன்றி. 1972-இல் கிளப்பையே இழந்தும் பெயரை மீட்டெடுத்தவர்கள், தேசிய லீக்கில் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த 1990-களில் அதை விட்டுக்கொடுத்தது ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மறுமொழி: நடுவட்டம்

விரும்பி விட்டுக்கொடுக்கவில்லை. கால்பந்து வெளிநாட்டார் விளையாட்டு என்ற பார்வையை மாற்ற வேண்டுமானால் கிளப்புகளின் இனப் பெயர்கள் போக வேண்டும் என்று தேசிய நிர்வாகம் 1990-களின் முதல் பாதியில் உறுதியாக நின்றது. மெல்போர்ன் குரோஷியா மெல்போர்ன் நைட்ஸ் ஆனது. சிட்னி குரோஷியா சிட்னி யுனைடெட் ஆனது. கிரேக்கர்களின் சவுத் மெல்போர்ன் ஹெல்லாசும் பின்னொட்டை இழந்தது. இதில் வேதனையான பொருத்தம் ஒன்று உண்டு: 1991-இல் குரோஷியா விடுதலையை அறிவித்து, 1992 ஜனவரியில் ஆஸ்திரேலியாவும் அதை அங்கீகரித்த பிறகு, அதாவது அந்தப் பெயர் ஒரு நாட்டின் பெயராக உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட பிறகுதான், நாற்பதாண்டு காலம் அதைத் தாங்கி நின்ற கிளப்பின் பெயர்ப்பலகையிலிருந்து அது இறக்கப்பட்டது.

ஆட்டத்தைப் பொறுத்தவரை அதுவே அவர்களின் பொற்காலம். 1990-91 இறுதிப் போட்டியில் ஹங்கேரியின் புகழ்பெற்ற முன்னாள் வீரர் ஃபெரெங்க் புஸ்காஸ் பயிற்சியளித்த சவுத் மெல்போர்னிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு அடிலெய்டு சிட்டியிடம் மீண்டும் பெனால்டியிலேயே தோல்வி. 1993-94-இல் அதே அணியிடம் 0-1. இவ்வளவையும் தாங்கிய பிறகு 1994-95, 1995-96 என்று தொடர்ந்து இரு முறை தேசிய வாகை சூடினார்கள்.

விடுகா அந்த அணியின் பிள்ளை. இருபது வயதை எட்டுவதற்குள் இரண்டு பருவங்களில் லீக்கின் அதிக கோல் அடித்தவராகவும் சிறந்த வீரராகவும் விளங்கினார். 1995-இல் ஆஸ்திரேலியா வந்த குரோஷியக் குடியரசுத் தலைவர் பிரான்யோ துஜ்மன் நேரிலேயே அவரை ஸாக்ரெபுக்கு அழைத்தார் என்பது பரவலாக எழுதப்பட்ட செய்தி. அவர் போய்ச் சேர்ந்த கிளப்பின் கதையைப் பாருங்கள். பழைய டினமோ ஸாக்ரெபைத் துஜ்மனின் விருப்பப்படி 1993-இல் 'குரோஷியா ஸாக்ரெப்' என்று பெயர் மாற்றியிருந்தார்கள்; அந்த ஊர் ரசிகர்களோ டினமோ என்ற பெயரே வேண்டும் என்று போராடி 2000-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். கடல் கடந்து வாழ்ந்தவர்கள் இழக்க மனமில்லாமல் இழந்த பெயரை, தாயகத்து ரசிகர்கள் வேண்டாம் என்று தள்ளினார்கள். அவரவருக்கு அவரவர் கிளப்பின் நினைவுதான் பெரிது என்பதைத் தவிர இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. விடுகாவை விற்ற தொகையால் எழுந்த பார்வையாளர் மாடம், அவர் பெயரையே தாங்கி நைட்ஸ் கிளப்பின் சோமர்ஸ் தெரு மைதானத்தில் இன்றும் நிற்கிறது.

2004-இல் தேசிய லீக் மூடப்பட்டு, அதற்குப் பதிலாகப் புதிய கிளப்புகளைக் கொண்ட ஏ-லீக் வந்தபோது நைட்ஸ் மாநில லீக்குக்குத் திரும்ப நேர்ந்தது. 2014-இல் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இன அடையாளப் பெயர்களுக்கு எதிரான கொள்கையை மீண்டும் எழுத்தில் கொண்டுவந்தது. மெல்போர்ன் குரோஷியா என்ற பெயரைப் புரவலர் பெயராகச் சட்டையில் அச்சிடவும் அனுமதி மறுக்கப்பட, கிளப் மனித உரிமை ஆணையத்தை நாடியது. அந்தக் கொள்கை 2019-இல் கைவிடப்பட்டது.

மறுமொழி: சன்ஷைன்வாசி

நடுவட்டம் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ரசிகர்கள் பக்கத்துக் குறையையும் இந்த இழையில் பதிவு செய்யாமல் விடக்கூடாது. 2022 ஆஸ்திரேலியா கோப்பையில் சிட்னி யுனைடெட் 58 (முன்னாள் சிட்னி குரோஷியா), ஏ-லீக்கைச் சேராத கிளப்புகளில் இறுதிப் போட்டியை எட்டிய முதல் கிளப் ஆயிற்று. மக்கார்த்தர் அணியிடம் 0-2 என்று தோற்ற அந்த நாளில், பார்வையாளர்களில் சிலர் நாஜி வணக்கம் செய்தார்கள். பூர்வகுடியினரின் வரவேற்பு நிகழ்வின்போது கூச்சலிட்டார்கள். பெருமையோடு பேசப்பட வேண்டிய சாதனை அத்தோடு மறைந்துபோனது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கூட்டாளியாக இருந்த குரோஷிய உஸ்தாஷா ஆட்சியின் சின்னங்களைச் சமூகப் பற்று என்று கருதும் ஒரு சிறு கூட்டம் இருக்கும் வரை, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தும் சமையற்கூடத்தில் செவாப்பி என்ற கொத்திறைச்சி உருண்டைகளைச் சுட்டும் கிளப்பை நடத்துகிற தொண்டர்கள்தான் பழி சுமக்கிறார்கள். என் அண்டை வீட்டுக் குரோஷியப் பெரியவர்களுக்கே இதில் ஆற்றாமை அதிகம்.

மறுமொழி: பழைய ஏடு

பெயர் குறித்த வழக்கு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் 1956-இல் குடியேறிகள் தொடங்கிய டொரண்டோ குரோஷியா, 1975-இல் கடனில் தத்தளித்த டொரண்டோ மெட்ரோஸ் அணியோடு இணைந்து வட அமெரிக்கக் கால்பந்து லீக்கில் நுழைந்தது. மெட்ரோஸ்-குரோஷியா என்ற பெயரை லீக் நிர்வாகம் விரும்பவில்லை. ஆனால் 1976 ஆகஸ்டில் சியாட்டிலில் நடந்த இறுதிப் போட்டியில், போர்த்துகல் நட்சத்திரம் எசேபியோவின் ஃப்ரீ கிக் கோலோடு தொடங்கி மினசோட்டாவை 3-0 என்று வென்று, அந்தப் பெயரோடுதான் கோப்பையைத் தூக்கினார்கள். 1979-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அணியை வாங்கி டொரண்டோ பிளிசர்ட் என்று பெயர் மாற்றியபோது, குரோஷியர்கள் பெயரை எடுத்துக்கொண்டு விலகி, உள்ளூர் லீக்கில் மீண்டும் டொரண்டோ குரோஷியாவாகவே ஆடத் தொடங்கினார்கள்.