யாருடைய இரத்தத்தில் எதைத் தேடுவது?

கேள்வி (தெமட்டகொடை அம்மா): எங்கள் ஒழுங்கையில் பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்குகிறார்கள். மகனுக்கு 4 வயது, மண்ணில்தான் விளையாட்டு. கொழும்பு மக்களின் உடம்பில் இரசாயனங்களை அளப்பதென்றால், முதலில் எதை அளக்கவேண்டும்?

வெள்ளவத்தை அக்கா: ஈயம்தான், தங்கச்சி. 11 வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவள் சொல்கிறேன். நம்பி அளக்க முடியுமா, அளந்தபின் ஏதாவது செய்யலாமா என்றுதான் முதலில் பார்ப்போம். ஈயத்தில் இரண்டும் முடியும்: அமெரிக்காவில் 1976–1980இல் மக்களின் இரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய மக்களின் இரத்தத்திலும் குறைந்தது! ஆனால் இரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், எலும்பில் பல வருடம் கிடக்கும். அதனால் பழைய பாதிப்பு முழுதாகத் தெரியாது.

மட்டக்குளி வாசகர்: ஆசனிக் என்ற நச்சுப்பொருளையும் அளக்கலாமா?

வெள்ளவத்தை அக்கா: அளக்கலாம், கவனமாக. மீன், இறால் சாப்பிட்டாலே சிறுநீரில் மொத்த ஆசனிக் ஏறும். அதில் பெரும்பங்கு தீங்கற்ற வகை. வகை பிரிக்காத பரிசோதனை நம் ஊரில் வீண் பயத்தைத்தான் தரும். மீன் வழியாக உடம்பில் சேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் பாதரசத்தை அளவுங்கள், தலைமயிரில் அளந்தாலே போதும்.

தெமட்டகொடை அம்மா: சரி அக்கா. திங்கட்கிழமை மகனை வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன்.

வெள்ளவத்தை அக்கா: இரத்த ஈயம் என்றே கேளுங்கள். அதுவரை கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டே சோறு கொடுங்கள்.