சின்ன விளையாட்டு ஒன்றை முடித்தேன், இரண்டு நாளாக மனசு அங்கேயே நிற்கிறது

செவ்வாய்பேட்டை கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். முந்தாநாள் ராத்திரி 'எ ஷார்ட் ஹைக்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை முடித்தேன். மொத்தமே நாலு மணி நேரம்தான் ஆகியிருக்கும், அதிலும் பாதி நேரம் கடற்கரையில் சும்மா சுற்றியது. ஆனால் முடித்ததிலிருந்து வேறு எதையும் திறக்க மனசு வரவில்லை, அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

விளையாடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வந்தது, ஆடம் ராபின்சன்-யூ என்பவர் செய்தது. கிளேர் என்று ஒரு பறவைப் பெண், லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரு முக்கியமான போன் வரவேண்டும், ஆனால் அங்கே டவர் கிடைக்காது, மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். அவ்வளவுதான் கதை. தங்க இறகு ஒவ்வொன்று கிடைக்கும்போதும் இன்னும் கொஞ்சம் உயரம் தம் பிடித்து ஏறலாம். வழியில் ஒரு பையன் பதினைந்து கிளிஞ்சல் பொறுக்கிக் கொடு என்பான், யாரோ மீன் பிடிக்கச் சொல்லித் தருவார்கள், இன்னொருத்தர் ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிடுவார். செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு மண்டியில் கணக்கு வேலை. மார்ச் கடைசி என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தால் ஃபேன் காற்றே சூடாக அடிக்கிறது. அந்த நேரத்தில் உச்சிக்குப் பக்கத்தில் பனிக்குள் ஏறிக்கொண்டிருந்தேன், குளிரில் இறகெல்லாம் உறைந்துபோய் தம் திரும்ப ஏறாமல் தடுமாறி ஒருவழியாக மேலே போனால் போன் அடிக்கிறது. அம்மா. அவருக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது, நல்லபடியாக இருக்கிறேன் என்கிறார். அதுவரைக்கும் கிளேர் எதற்காக அப்படித் தவித்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் அம்மாவும் போன வருஷம் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்துக்கொண்டு, முந்தின நாள் ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் சொன்னார்கள். லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு அவர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்த மலையிலிருந்து மேலே கிளம்பும் காற்றில் ஏறிப் பறந்து இறங்குவது. ஏறும்போது திணறின பாறை, கிளிஞ்சல் பையன், அத்தை வீடு எல்லாம் காலுக்குக் கீழே சின்னதாகப் போகிறது. அந்த இரண்டு நிமிஷத்துக்காகவே இதை விளையாடலாம்.

இரண்டு கேள்வி. இந்த மாதிரி விளையாட்டை முடித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள், திரும்ப உள்ளே போய்ச் சுற்றுவீர்களா, இல்லை அழித்துவிடுவீர்களா? அடுத்து எதைத் தொடலாம்? துப்பாக்கி வேண்டாம், நேரக் கெடு வேண்டாம், கொஞ்சம் கிறுக்குத்தனம் இருந்தால் சந்தோஷம். லேப்டாப் பழசு.

சேர்வராயன் மிளகு:

தம்பி, நான் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதினதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் குடியிருப்பிலும் டவர் கிடையாது. சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி மேலே ஒரு பாறை இருக்கிறது, ஆபீஸில் யாருக்கு போன் வரவேண்டும் என்றாலும் அங்கேதான் போய் நிற்கவேண்டும். மழை நாளில் குடையோடு, மாடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு. நான் சொல்வது காட்டுமாடு, வீட்டு மாடு இல்லை. என் மகள் பிளஸ் டூ ரிசல்ட்டை நான் அந்தப் பாறைமேல் நின்றுதான் கேட்டேன். அதனால் கிளேர் எனக்கு ரொம்ப வேண்டியவள்.

நீங்கள் அடுத்து 'அன்பேக்கிங்' விளையாடுங்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவில் விட்ச் பீம் என்கிறவர்கள் செய்தது. வேலை ஒன்றே ஒன்றுதான்: வீடு மாறி வந்த பெண்ணின் பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு சாமானாக எடுத்து வைக்கவேண்டும். 1997-ல் சின்னப் பிள்ளையாக ஒரு அறையில் ஆரம்பித்து 2018 வரைக்கும் எட்டுத் தடவை. அந்தப் பெண்ணை நேரில் பார்க்கவே மாட்டீர்கள், ஒரு வார்த்தை பேச மாட்டாள், ஆனால் முடிக்கும்போது கூடப் பிறந்தவளைப் போல ஆகிவிடுவாள். டம்ளரை மரத்தில் வைத்தால் ஒரு சத்தம், கல் மேடையில் வைத்தால் வேறு சத்தம், துணிமேல் வைத்தால் இன்னொன்று. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

2010-ல் ஒருத்தனோடு குடிபோவாள். அவன் வீட்டில் எல்லா இடமும் அவன் சாமான். இவளுடைய பட்டச் சான்றிதழ், கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தது, அதை மாட்டச் சுவரே இருக்காது. ஹாலில் வைத்தேன், தப்பு என்று சிவப்புக் கோடு காட்டுகிறது. சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், அங்கேதான் ஒத்துக்கொண்டது. நான் கல்யாணமாகி வந்த வீட்டில் என் டிகிரி எட்டு வருஷம் பீரோவுக்கு மேலே பழைய சேலைகளுக்கு அடியில் கிடந்தது தம்பி. அன்றைக்கு விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன். அடுத்த பெட்டியைப் பிரித்தால் அவள் பிறந்த வீட்டு அறைக்கே திரும்பி வந்திருக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அறையைப் பார்த்தாலே புரிகிறது.

முடித்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்களே. நான் அழிக்க மாட்டேன். ஆனால் திரும்பவும் திறக்க மாட்டேன். பூட்டி வைத்த வீடு மாதிரி அது இருக்கட்டும்.

மேச்சேரி விவசாயி:

நான் அக்காவுக்கு நேர் எதிர், முடிக்கவே மாட்டேன்.

'ஸ்டார்டியூ வேலி' 2016-லிருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, கதை எல்லாம் தானே செய்தது. அதில் தாத்தா விட்டுப்போன தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்புகிறோம். மூன்றாம் வருஷம் வசந்தத்தின் முதல் நாள் தாத்தாவின் ஆவி வந்து, என்ன செய்தாய் என்று பார்த்துவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றும், அதிகபட்சம் நாலு. நான் இரண்டாம் வருஷம் குளிர்காலம் 27-ம் தேதியில் நிற்கிறேன். அங்கேயே நிறுத்தி ஏழு மாசம் ஆகிறது.

எங்கள் தாத்தா உயிரோடு இருந்தபோது மேட்டூர்த் தண்ணீர் பக்கத்திலேயே போனாலும் எங்கள் காட்டுக்குக் கிணறுதான். நிலக்கடலையும் சோளமும் போட்டார். அவர் போனபின் நாங்கள் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் வந்துவிட்டோம். அதனால் அந்த வருஷத்தின் கடைசி நாளான 28-ம் தேதி ராத்திரி படுக்கப் போக எனக்குக் கை வரவில்லை. நாலு மெழுகுவர்த்தி கிடைக்கும் என்று கணக்குப்படி தெரியும். அது இல்லை விஷயம்.

சேர்வராயன் மிளகு:

விவசாயி தம்பி, அவர் வந்து போனாலும் ஆட்டம் முடியாது. தோட்டம் அப்படியே இருக்கும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம். குறைவாக ஏற்றினால் அவர் சமாதிக் கல்லில் ஒரு வைரம் வைத்தால் மறுபடி வந்து பார்ப்பார். போய்ப் படுங்கள்.

அம்மாபேட்டை அப்பா:

கிறுக்குத்தனம் என்று கேட்டதால் வந்தேன். 'அன்டைட்டில்டு கூஸ் கேம்', 2019, மெல்பர்னில் ஹவுஸ் ஹவுஸ் என்று ஒரு சின்னக் குழு. நீங்கள் ஒரு வாத்து. ஒரு அமைதியான கிராமத்தில் எல்லோரையும் தொந்தரவு செய்யவேண்டும், அதற்கு ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். தோட்டக்காரரின் சாவிக் கொத்தைத் திருடு, அவர் நனைகிற மாதிரி பண்ணு, இப்படி. 2020-ல் இரண்டு பேர் சேர்ந்து விளையாடுகிற வசதி வந்தது, நானும் மூன்றாவது படிக்கிற என் மகளும் இரண்டு வாத்தாக நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தோம்.

அந்த இசையைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் பியானோத் துண்டுகள், அதைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். வாத்து பதுங்கினால் இசையும் பதுங்கும், துரத்தினால் பிய்த்துக்கொண்டு ஓடும். என் மகள் அதை வைத்தே "அப்பா, அவர் நம்மைப் பார்த்துட்டார்" என்று திரையைப் பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டாள்.

கடைசியில் ஒரு குட்டி மணியைத் திருடி மொத்த ஊரையும் கடந்து ஓடவேண்டும். வாயில் வைத்திருக்கும்போது அது கணகணவென்று ஆடிக்கொண்டே இருக்கும், ஒளிய முடியாது. அவள் முன்னால் போய்க் கத்தி ஆட்களை இழுத்தாள், நான் மணியைத் தூக்கிக்கொண்டு வேலியை ஒட்டிப் போனேன். ஆரம்பித்த இடத்துக்கே வந்து ஒரு பள்ளத்தில் மணியைப் போட்டால், அங்கே ஏற்கெனவே நிறைய மணி குவிந்து கிடக்கிறது! அவள் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்போ இது தினமும் இதைத்தான் செய்யுதா?" என்றாள். நான் யோசித்துத்தான் ஆமாம் என்றேன். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை, நாளைக்கும் மணி இருக்கும் என்று சந்தோஷமாகத் தூங்கப் போனாள்.

உங்கள் கேள்விக்கு அவள் பதில் என் பதிலைவிட நல்லது என்று நினைக்கிறேன்.

தட்டுவடை செட்:

யாரும் 'வெண்பா' சொல்லவில்லையே. 2023, டொரன்டோவில் விசை கேம்ஸ். 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மா பெயர்தான் வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். வெண்பாவுடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு அங்கங்கே கிழிந்து அழிந்திருக்கும், விடுபட்டதை யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்கவேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக விளையாட்டு விருது வாங்கினது.

பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது ஐந்து ரோடு பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறை மேடையிலேயே வைத்து விளையாடினேன், சார்ஜர் முனை அங்கேதான் இருக்கிறது. முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நான் இரண்டு தடவை தப்பாக அடுக்கினேன். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிடா போகும், திருப்பி வை" என்றார்கள். திருப்பினேன், சரியாக வந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த இட்லியைச் சாப்பிடுகிறேன், அந்தத் தட்டை ஒரு தடவை அடுக்கியதில்லை. அம்மா அப்புறம் வெங்காயத்தை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு முடிகிறவரை உட்கார்ந்துவிட்டார்கள். கவின் பெரியவனான பிறகு அந்த நோட்டை எடுத்துப் படிக்கிற இடம் ஒன்று உண்டு, அவனுக்குத் தமிழ் எழுத்து சரியாகப் பிடிபடாது. அங்கே நானும் அம்மாவும் பேசவில்லை.

முடித்ததும் நான் செய்தது: மறுநாள் காலையில் நானே மாவு ஊற்றி அடுக்கினேன்.

செவ்வாய்பேட்டை கணக்கு:

எல்லோருக்கும் நன்றி, நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தட்டுவடை அண்ணா, 'வெண்பா' வாங்கியாகிவிட்டது, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் திறக்கப்போகிறேன். அக்கா சொன்ன 'அன்பேக்கிங்' ஏப்ரல் முதல் வாரம் கணக்கெல்லாம் ஒப்படைத்த பிறகு.

நேற்று மறுபடி கிளேரைத் திறந்தேன். முடித்த பிறகும் உள்ளே விடுகிறார்கள், உச்சியில் போன் அடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளிஞ்சல் பையனுக்கு இன்னும் நாலு பாக்கி இருந்தது, அதை முடித்தேன். அப்புறம் ஒரு வேலையும் இல்லாமல் பறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போகலாம் என்று இருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு, அம்மாவுக்கு பஸ்ஸில் தலை சுற்றும், அதனால் காலை முதல் வண்டி. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் இன்னும் அங்கே லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையிலிருந்து சேலத்தைப் பார்க்கவில்லை. அக்கா, உங்கள் பாறை அந்தப் பக்கமா?

சேர்வராயன் மிளகு:

இல்லை தம்பி, எங்கள் பாறை உள்ளே. ஆனால் லேடீஸ் சீட்டில் முடிந்தால் இருட்டும்வரை இருங்கள், ஊர் விளக்கு ஒவ்வொன்றாக ஏறுவது கீழே தெரியும். கடைசி பஸ் நேரத்தை ஸ்டாண்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர்.

மேச்சேரி விவசாயி:

28-ம் தேதி படுத்தேன். நாலும் ஏறியது.